மூன்று கடை, ஒரு கிலோ கத்திரிக்காய்

கேள்வி: இரண்டாவதைவிட முதலாவது மேல், மூன்றாவதைவிட இரண்டாவது மேல் என்றால், மூன்றாவதைவிட முதலாவது மேல்தானே? இதை விவாதிக்கும் தத்துவக்காரர்களுக்கு வேறு வேலை இல்லையா? – ஒரு வாசகர், குடியாத்தம்.

பதில்: கபடியில் குடியாத்தம் காட்பாடியை ஜெயிக்கிறது, காட்பாடி ஆம்பூரை ஜெயிக்கிறது. ஆம்பூரோடு ஆடாமலே கோப்பையை வாங்கிக்கொள்வீர்களா? நீங்கள் சொல்வதுபோல் முதலாவதிலிருந்து மூன்றாவதற்குத் தாவுகிற உறவைத்தான் கணக்கில் கடப்பு உறவு என்பார்கள். உயரம் கடக்கும், ஜெயிப்பது கடக்காது. 'மேல்' என்பது இதில் எந்த ரகம் என்பதுதான் வழக்கே.

வேலூர் மார்க்கெட்டில் முள் கத்திரிக்காய் வாங்கிப் பாருங்கள். இன்று பறித்தது கிலோ 60, நேற்றையது 55, முந்தாநாளையது 50. உங்கள் விதி: 5 ரூபாய்வரைதான் வித்தியாசம் என்றால் புதுசு, அதைத் தாண்டினால் மலிவு. 55ஐவிட 60 மேல், 50ஐவிட 55 மேல், ஆனால் 60ஐவிட 50 மேல்! மாற்றிக்கொடுக்க ஒவ்வொரு தடவையும் 1 ரூபாய் கேட்கிற கடைக்காரரிடம் மாட்டினால், விலை வித்தியாசம் போக 3 ரூபாய் இழந்து, கையில் அதே வாடல் காயோடு நிற்பீர்கள். தப்பு காயில் இல்லை, பாதியில் அளவுகோலை மாற்றியதில் இருக்கிறது. ஒரு நாள் புதுமைக்கு 4 ரூபாய் என்றோ 6 ரூபாய் என்றோ ஒரே விலை வையுங்கள். சுற்று அறுந்துவிடும்.

இதோடு முடிந்திருந்தால் உங்கள் நக்கல் நியாயம். அமெரிக்கத் தத்துவ அறிஞர் லாரி டெம்கின் 1996இல் முன்வைத்த வாதம் இப்படி அடங்காது. அதை என் எண்களில் சொல்கிறேன். வலியை டிகிரியில் அளப்பதாக வையுங்கள். 100 டிகிரி சித்திரவதை, 1 வருஷம். அதைவிட மோசம், 99 டிகிரி 2 வருஷம். அதைவிட மோசம், 98 டிகிரி 4 வருஷம். இப்படி 99 படி இறங்கினால் மிஞ்சுவது 1 டிகிரி, கொசுக்கடி அரிப்பு. ஆனால் 30 இலக்க வருஷங்களுக்கு. 'மோசம்' கடக்கும் என்றால், சித்திரவதையைவிட அரிப்பே மோசம் என்று கையெழுத்துப் போட வேண்டும். கத்திரிக்காய் வைத்தியம் இங்கே வியாதியை வளர்க்கிறது: அரிப்புக்கு ஒரே விலை வைத்தால், போதுமான வருஷங்கள் சேர்ந்ததும் அது சித்திரவதையைத் தாண்டியே தீரும்.

டெம்கின் கடப்பையே சந்தேகிக்கிறார்: எதை எதோடு ஒப்பிடுகிறோமோ அதற்கேற்ப அளவுகோலும் மாறலாம் என்கிறார். பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஜான் புரூம் மறுக்கிறார்: 'அதிக உயரம்' போலத்தான் 'அதிக நல்லது', கடப்பது அந்தச் சொல்லின் இலக்கணம் என்பது அவர் கட்சி.

நான் புரூம் பக்கம். ஆனால் அந்தப் பக்கம் உட்கார இலவச டிக்கெட் கிடையாது. அரிப்பே மோசம் என்பதை ஏற்க மாட்டேன் என்றால், 99 படிகளில் ஒன்றையாவது பொய் என்று சொல்லியாக வேண்டும்: அந்த இடத்தில் ஒரே ஒரு டிகிரி குறைந்ததற்காக, இரண்டு மடங்கு காலம் வலித்தாலும் அது முந்தையதைவிட மோசமில்லை என்று. எந்தப் படி என்று நான் விரல் வைத்தாலும், "அடுத்த படி ஏன் இல்லை?" என்று டெம்கின் கேட்பார்.