மரச்சாமான் மெருகு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பூசை மாடம் தேக்கில் செய்தது. 20 ஆண்டுக்கு மேல் ஆகிறது. விளக்குப் புகையும் எண்ணெயும் படிந்து, கை வைத்தால் ஒட்டுகிறது. அங்கங்கே மஞ்சள் கறை வேறு. மகன் கிருமிநாசினி ஜெல்லைத் தடவி ஓரிடத்தைத் துடைத்தான். அந்த இடம் வெளுத்துப் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக வார்னிஷ் அடித்துவிடலாமா?
*– வாசகி, செங்காங்*

பதில்: முழுவதையும் தேய்த்து எடுக்க உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். மகன் செய்த காரியத்தில் ஒரு நன்மையும் உண்டு: மாடத்தின் மேல் இருப்பது என்ன பூச்சு என்று தெரிந்துவிட்டது. ஜெல்லில் இருப்பது பெரும்பாலும் ஆல்கஹால். ஆல்கஹால் பட்டதும் இளகுவது அரக்கு பாலிஷ். பாலியூரித்தேன் பூச்சாக இருந்தால் இப்படி அசைந்து கொடுத்திருக்காது. ஜெல்லில் உள்ள தண்ணீர் இளகிய அரக்கினுள் புகுந்ததால்தான் வெளுப்பு. அரக்கில் ஒரு வசதி, பழைய பூச்சின் மேல் புதியதைத் தடவினால் இரண்டும் கரைந்து ஒரே படலமாகிவிடும். ஆகவே கெட்ட இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும்.

அந்த இடத்தை 2 நாள் தொடாமல் விடுங்கள், இளகியது இறுகட்டும். அதற்குள் மற்ற பகுதிகளைச் சுத்தம் செய்யலாம். குங்குமத்தையும் விபூதியையும் முதலில் உலர்ந்த மென்தூரிகையால் தட்டி எடுத்துவிடுங்கள். ஈரத்துணி பட்டால் குங்குமம் செதுக்கு வேலையின் பள்ளங்களில் சாயமாக இறங்கிவிடும். கையில் ஒட்டும் பிசுக்கு நல்லெண்ணெயின் வேலை. நல்லெண்ணெய் காற்றுப் பட்டு நாளடைவில் கோந்தாகிவிடும்; வெறும் துணிக்கு அது அசையாது. மினரல் டர்பன்டைனைப் பழைய பனியன் துணியில் லேசாக நனைத்துத் துடையுங்கள். அது அரக்கைக் கரைக்காது, எண்ணெயை மட்டும் எடுக்கும். ஆனாலும் பின்பக்கத்தில் கண்ணுக்குப் படாத மூலையில் ஒருமுறை சோதித்த பிறகே முன்பக்கத்துக்கு வாருங்கள். துணி கறுத்ததும் மாற்றிவிட வேண்டும். கறுத்த துணியாலேயே தேய்த்துக்கொண்டிருந்தால் கரியை இடம் மாற்றிப் பூசுகிறீர்கள் என்றுதான் அர்த்தம். பூ வேலைப்பாட்டுக்கு மென்மையான பழைய பல்துலக்கி, கோடுகளுக்குச் சத்தே மூங்கில் குச்சியின் முனையில் சுற்றிய பஞ்சு.

மஞ்சள் கறையில் மட்டும் சோப்பையோ ஆப்பச் சோடாவையோ வைக்காதீர்கள். காரம் பட்டால் மஞ்சள் சிவந்துவிடும். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் குங்குமம் ஆக்குவதும் இதே வேதியியல்தான். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது. கழற்ற முடிந்த பலகையென்றால் சன்னலோரம் சில நாள் வையுங்கள், கறை தானாக மங்கும்.

பிறகு வெளுத்த இடம். 400 எண் உப்புத்தாளால் மரத்தின் ரேகை போகும் திசையிலேயே, கை அழுத்தாமல், மேடு பள்ளம் போகும் அளவுக்கு மட்டும் தேயுங்கள். 500 மில்லி மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் 60 கிராம் அரக்குச் செதில் போட்டு ஓரிரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். இது நீர்த்த கலவை. ஒட்டுவேலைக்கு இதுவே நல்லது. ஸ்பிரிட்டுக்குப் பதிலாகக் கிருமிநாசினியை ஊற்றினால் பழைய கதைதான் திரும்பும். சிறு தூரிகையால் மெல்லிய பூச்சு 4, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு மணி நேரம்.

டர்பன்டைன், ஸ்பிரிட் இரண்டும் தீப்பற்றக்கூடியவை. சன்னலைத் திறந்து வைத்து ஒரு முழு நாளாவது கழியட்டும். வாடை அறவே போகும்வரை மாடத்தில் விளக்கேற்றாதீர்கள், சாம்பிராணியும் வேண்டாம். இனி விளக்கின் அடியில் பித்தளைத் தட்டோ பீங்கான் ஓடோ வைத்தால் அடுத்த 20 ஆண்டுக்கு இந்த வேலை பாதியாகும்.

கேள்வி: சாப்பாட்டு மேசையில் இரண்டு வளையங்கள். ஒன்று வெள்ளை, சூடான பாத்திரம் வைத்தது. இன்னொன்று கறுப்பு, இரும்புக் காலுள்ள பூந்தொட்டி வைத்தது. இரண்டுக்கும் ஒரே மருந்து உண்டா?
*– வாசகர், அங் மோ கியோ*

பதில்: இல்லை. வெள்ளை வளையம் பூச்சோடு நிற்கிறது. கறுப்பு மரத்துக்குள் போய்விட்டது.

வெள்ளை வளையம் புதிதாக இருந்தால் குளிர்சாதன அறையில் ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள், ஈரம் வெளியேறிச் சில சமயம் தானே மறையும். மறையாவிட்டால் பெட்ரோலியம் ஜெல்லியைக் கனமாகத் தடவி ஓரிரவு விட்டுத் துடையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் 0000 எண் எஃகுக் கம்பளியில் மெழுகைத் தொட்டு ரேகைத் திசையில் மெதுவாகத் தேய்க்கலாம். பளபளப்பு சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

கறுப்பு வளையம் இரும்பும் தண்ணீரும் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து உண்டான மை. பூச்சின் மேல் எதைத் தேய்த்தாலும் அதை எட்டாது. மேற்பலகையின் பூச்சை முழுதாக எடுத்தாக வேண்டும். அதற்கு முன் பலகையின் விளிம்பைக் கவனியுங்கள்: மேலே உள்ள ரேகை விளிம்பில் வளைந்து தொடராமல் ஒரு மெல்லிய கோட்டோடு நின்றுவிட்டால் அது வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு. இன்றைய வெனீர் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. இயந்திரத்தால் தேய்த்தால் ஓட்டை விழும். பூச்சு நீக்கும் பசையை மட்டும் பயன்படுத்துங்கள்.

பூச்சு போனபின், 500 மில்லி சுடுநீரில் 40 கிராம் ஆக்சாலிக் அமிலத்தைக் கரையுங்கள். பாத்திரம் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக், உலோகம் கூடாது. இது நஞ்சு. கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம், பிள்ளைகள் அருகில் இருக்கக் கூடாது. வளையத்துக்கு மட்டும் தடவினால் கறுப்பு வட்டம் போய் வெளிர் வட்டம் வரும். ஆகவே மேற்பலகை முழுவதும் ஒரே சீராகத் தடவுங்கள். காய்ந்ததும் வெண்படிகம் பூக்கும். அதை உலர்வாகத் தட்டவோ தேய்க்கவோ கூடாது, அந்தத் தூசி மூச்சுக்கு ஆகாது. ஈரத் துணியால் மூன்று நான்கு முறை துடைத்து, 1 லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பச் சோடா கலந்து ஒருமுறை, பிறகு வெறும் நீரால் ஒருமுறை. முழுவதும் உலர 2 நாள் விடுங்கள்.

நாள்தோறும் சாப்பிடும் மேசைக்கு அரக்கு வேண்டாம், சூட்டுக்கு இளகும். பாலியூரித்தேன்தான் பொருத்தம். மேசை தேக்கு என்றால் தேக்கின் இயற்கை எண்ணெய் புதுப் பூச்சை ஒட்டவிடாது, காய்வதும் தாமதமாகும். பூச்சு அடிப்பதற்குச் சற்று முன் அசிட்டோன் துணியால் துடைத்துவிடுங்கள். நேற்று துடைத்தோமே என்று விட்டுவிட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும்.

கேள்வி: பழைய ரோஸ்வுட் பெட்டிக்கு நானே ஃபிரெஞ்சு பாலிஷ் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பூச்சு) போட்டேன். காலையில் பூசினேன், பத்தே நிமிடத்தில் பால் ஊற்றியதுபோல் மூடம் போட்டுவிட்டது. செதில் கெட்டதா?
*– வாசகர், ஈசூன்*

பதில்: செதில்மேல் பழி போடுமுன் நேரத்தைப் பாருங்கள். நம் சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. ஈரக்காற்று அதன்மேல் பனித்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. நீங்கள் கண்ட பால் நிறம் அதுதான்.

மழையில்லாத பிற்பகல் ஒன்று முதல் நான்கு மணிக்குள் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மூடம் போட்ட பகுதியில், பஞ்சுப் பொதியில் சில சொட்டு ஸ்பிரிட் மட்டும் விட்டு, விமானம் தரை தொட்டு மேலெழுவதுபோல் ஓட்டத்திலேயே ஒரு வருடல். அரக்கு கணநேரம் இளகி, சிக்கிய ஈரத்தை விட்டுவிடும். பொதியை எந்த இடத்திலும் நிறுத்தாதீர்கள். நின்ற இடத்தில் ஒட்டிக்கொண்டு பூச்சைப் பிய்த்துவிடும். பொதி கோழிமுட்டை அளவு போதும். உள்ளே பஞ்சு, வெளியே சுருக்கமில்லாத பருத்தித் துணி.

ஸ்பிரிட் போத்தலின் மூடி சரியாக இறுகுகிறதா என்றும் பாருங்கள். திறந்து கிடந்தால் காற்றின் ஈரத்தை அதுவே உறிஞ்சும். கரைத்த அரக்கும் நாள்பட்டால் இறுகும் குணத்தை இழந்துவிடும். கண்ணாடிமேல் ஒரு சொட்டு விட்டு மறுநாள் நகத்தால் அழுத்துங்கள், தடம் பதிந்தால் கலவையைக் கொட்டிவிட வேண்டியதுதான். போத்தலில் கரைத்த தேதியை எழுதி ஒட்டுவது பலர் செய்யாத சிறு வேலை.

கேள்வி: ரப்பர் மர அலமாரிக்கு அடியில் தினமும் தூள் உதிர்கிறது. பாலிஷ் அடித்தால் நிற்குமா?
*– வாசகி, தெம்பனிஸ்*

பதில்: தூளை விரலிடையில் தேய்த்துப் பாருங்கள். மாவுபோல் நைஸாக இருந்தால் மரம் துளைக்கும் வண்டு. ரப்பர் மரம் அதற்கு விருந்து. கசகசாபோல் குருணையாக உருண்டால் உலர்மரக் கரையான். அது கதவுச் சட்டம்வரை போயிருக்கலாம், பூச்சி ஒழிப்பாளரை அழைப்பதே சரி. பாலிஷ் உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. புதிதாக முட்டையிடுவதை வேண்டுமானால் தடுக்கும், அதுவும் முதுகுப்பலகை, அடிப்பக்கம் எல்லாம் பூசியிருந்தால்தான். முன்பக்கம் மட்டும் மின்னுகிற அலமாரியில் வண்டுக்குப் பின்வாசல் திறந்தே இருக்கிறது.

கேள்வி: பிரம்பு நாற்காலியின் பின்னல் தொய்ந்துவிட்டது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?
*– வாசகர், தோ பாயோ*

பதில்: இழை அறுந்திருந்தால் மாற்றுங்கள். வெறும் தொய்வு என்றால் நாற்காலியைக் கவிழ்த்து, சுடுநீரில் பிழிந்த துண்டை அடிப்பக்கத்தில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். பூச்சில்லாத அடிப்பக்கம்தான் நீரை உறிஞ்சும். நிழலில் காயும்போது பின்னல் இறுகும். முழுவதும் உலருமுன் யாரும் உட்காரக் கூடாது.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஆளிவிதை எண்ணெய் பூசுகிறேன். துடைத்த துணியை என்ன செய்வது? வேலையை நடைபாதையில் செய்யலாமா?
*– வாசகர், புக்கிட் பாத்தோக்*

பதில்: அந்த எண்ணெய் உலர்வது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான், அப்போது வெப்பம் உண்டாகும். துணியைச் சுருட்டிப் போட்டால் வெப்பம் உள்ளேயே தேங்கி, யாரும் கொளுத்தாமலே தீப்பிடிக்கும். குப்பை போடும் துவாரத்தில் அப்படியே போட்டுவிடாதீர்கள். தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமிழ்த்தி மூடுங்கள். அல்லது துணி உலர்த்தும் கழியில் ஒற்றை மடிப்பாக விரித்து, மொடமொடவென்று விறைக்கும்வரை காயவிடுங்கள். நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். தின்னர், டர்பன்டைன் டப்பாக்களையும் அங்கே விட்டுவைக்கக் கூடாது. சன்னலைத் திறந்து வைத்துக் கூடத்திலேயே செய்யுங்கள். காற்றாடியை மட்டும் பூசும் பொருளின் பக்கம் திருப்பாதீர்கள், ஈரப் பூச்சில் தூசு ஒட்டும்.