1984-ல் திருமணமான மகளுக்குச் செட்டிநாட்டுப் பூர்வீக வீட்டில் பங்கு உண்டா?

கேள்வி: அப்பச்சி (அப்பா) 2001-ல் தவறிவிட்டார். எனக்கு 1984-ல் திருமணம். "சீர் செய்தாச்சு, நீ இப்போது வேறு கோயில் புள்ளி (நகரத்தாரில் திருமணமான ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கோயில் கணக்கில் ஒரு புள்ளி), வீட்டில் பங்கு கிடையாது" என்று சொல்லி அண்ணன்கள், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். சமீபத்திய தீர்ப்புகள் என்ன சொல்கின்றன?

பதில்:

முறையான பாகப்பிரிவினை முன்பே நடந்திருந்தால் தவிர, உங்களுக்குப் பங்கு உண்டு ஆச்சி. அந்தப் பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். நான் காரைக்குடி வட்டாரத்தில் சிவில் வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞர். இந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வருகிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. பதிவான விடுதலைப் பத்திரத்தை ரத்து செய்வது மிகவும் கடினம். ஏமாற்றப்பட்டது தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், ஏமாற்றியதை நீங்கள்தான் நிரூபிக்கவும் வேண்டும்.

அண்ணன்கள் பழைய சட்டத்தை நினைத்துப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். 1989-ல் தமிழ்நாடு மகள்களுக்குச் சம பங்கு கொடுத்தபோது, 25.3.1989-க்கு முன் திருமணமானவர்களைச் சேர்க்கவில்லை. 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. ஆனாலும் அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற வாதம் பல வருடம் இழுத்தது. இருந்திருக்க வேண்டும் என்றது 2015-ல் வந்த ஒரு தீர்ப்பு. 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அதை மாற்றிவிட்டார்கள். மகளுக்குப் பிறப்பால் வருகிற உரிமை இது, 9.9.2005 அன்று தகப்பனார் இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

20.12.2004-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினைப் பத்திரமோ கோர்ட் டிக்ரியோ இருந்தால் அது செல்லும். அதனால் முதலில் வில்லங்கச் சான்று எடுங்கள். "அப்போதே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம்" என்று ஒரு கூர்ச்சீட்டை (பதிவாகாத பாகப்பிரிவினைச் சீட்டை) காட்டினால் பயப்பட வேண்டாம். அரசு ஆவணங்களின் பலம் இல்லாத வாய்மொழிப் பிரிவினையை ஏற்க முடியாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

வீடு ஐயா (அப்பாவின் அப்பா) பர்மாவிலோ மலாயாவிலோ தனியாகச் சம்பாதித்துக் கட்டியதா? அப்படியானால் 20.1.2022-ல் வந்த அருணாசல கவுண்டர் வழக்கின் தீர்ப்பையும் பாருங்கள். நம் தமிழ்நாட்டு வழக்குதான். 1938-ல் கோர்ட் ஏலத்தில் சொத்து வாங்கியவர் 1949-ல், இன்றைய வாரிசுரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே இறந்தார். சுயசம்பாத்தியச் சொத்து அவருடைய மகளுக்கே போகும், தம்பி மகனுக்குப் போகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் அப்பத்தா, அத்தைமார்களின் பங்கைக் கணக்கிடும்போது இது முக்கியம். குடும்ப விலாசத்தில், அதாவது குடும்பத்தின் தொழில் பெயரில், நடந்த கடையின் பணம் என்றால் கணக்கு வேறு மாதிரி வரும்.

சீர் வாங்கியதால் பங்கு போகாது. சீதனம் பெண்ணின் தனிச் சொத்து என்பதை உச்ச நீதிமன்றம் 2024-லும் உறுதிப்படுத்தியது. கோயில் புள்ளி மாறுவது நகரத்தார் வழக்கம், சொத்துரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நம் ஊர் வீடுகளில் நிஜமான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வளவை (வீட்டின் நடு முற்றத்தை) சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. உங்கள் அப்பச்சியின் பங்குக்குள்தான் உங்கள் பங்கு. வழக்குப் போட்டால் சென்னை, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிற எல்லாப் பங்காளிகளையும் சேர்க்க வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் வழக்கு அடிபடலாம். அதற்குள் தேக்குத் தூண்களும் நிலைக்கதவும் பழம்பொருள் கடைக்குப் போய்விடுகின்றன. அதனால் வழக்கோடு சேர்த்தே இடைக்காலத் தடை கேளுங்கள், வழக்கறிஞர் ஆணையரை நியமித்து வீட்டில் உள்ளவற்றைப் பட்டியல் எடுக்கவும் மனுப் போடுங்கள். வீட்டைக் கூறு போட முடியாது என்றால், 1893-ம் வருடப் பிரிவினைச் சட்டப்படி கோர்ட் விற்பனைக்கு உத்தரவிடலாம். நீங்களே விற்கச் சொல்லிக் கேட்டால், அண்ணன்கள் மதிப்பீட்டு விலை கொடுத்து உங்கள் பங்கை வாங்கிக்கொள்ள முடியும்.

இதை அவர்களிடம் வழக்குக்கு முன்பே சொல்லிப் பாருங்கள். சமரசம் ஆனால் தொகையையும் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்யுங்கள்.