ரூட்டரின் வான் போர்ட்டில் பாக்கெட் டிராப் ஏன் ஆகிறது?

வான் போர்ட் என்பது ரூட்டரில் வெளி இணையத்துக்கான வாசல். அங்கே ஒரு தரவுத் துண்டு போய்ச் சேராமல் கைவிடப்படுவதுதான் பாக்கெட் டிராப்.

பெரும்பாலும் காரணம் நெரிசல். வீட்டுக்குள் 1000 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) ஓடும், நாம் வாங்கிய திட்டமோ 100. மிச்சம் வரிசையில் நிற்கும். பெங்களூரில் மாலை நேர சில்க் போர்டு சந்திப்பைப் பார்த்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும். ஆனால் அங்கே வண்டிகள் காத்திருக்கும். ரூட்டரில் வரிசை நிரம்பினால் பாக்கெட் தூக்கியெறியப்படும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியே போகும் டிராப் எண்ணிக்கை மட்டும் ஏறினால் நெரிசல். அனுப்பும் வேகத்தை 95 எம்பிபிஎஸ்-க்குள் கட்டுப்படுத்திப் பாருங்கள். உள்ளே வருபவற்றில் சிஆர்சி பிழை, அதாவது தரவு சரியாக வந்ததா என்ற சோதனையில் தோற்றவற்றின் எண்ணிக்கை, ஏறினால், பாக்கெட் வழியிலேயே சிதைகிறது. முதலில் கேபிளை மாற்றுங்கள். பலரும் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள், பாவம்.

டிராப் என்றாலே பழுது என்று அர்த்தமில்லை: இணையத்தில் தரவை அனுப்பும் விதிமுறையான டிசிபி அந்த இழப்பைக் கவனித்துத்தான் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.