சட்டம் படிக்கும் முன் எந்த டிகிரி? கையில் 6.5 லட்சம் இருக்கிறது

கேள்வி: திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மகள் ப்ளஸ் டூ காமர்ஸில் 88 சதவீதம். வக்கீலாக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கடை வாடகை கேஸுக்கு நான் நடையாய் நடந்த காலத்தில் கூடவே வந்து, ஒவ்வொரு வாய்தா தேதியையும் நோட்டில் குறித்து வைத்தவள் அவள்தான். சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு பி.பி.ஏ., எல்.எல்.பி.க்கு ஆண்டுக்கு 2.5 லட்சம் கேட்கிறார்கள். கல்விக் கடனும் வாங்கித் தருகிறார்களாம். முதலில் பி.காம்., பிறகு மூன்றாண்டு சட்டம் என்கிறார் மைத்துனர். செல்வமகள் கணக்கில் 4 லட்சமும் வங்கி டெபாசிட்டில் 2.5 லட்சமும் இருக்கின்றன. மகன் பத்தாம் வகுப்பு. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் கடன் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஐந்து ஆண்டுக்கு 12.5 லட்சம். வட்டி 10 சதவீதம் என்றால், படிப்புக் காலமும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் சேர்த்துத் தனிவட்டியே 5 லட்சம் ஏறிவிடும். தவணை தொடங்கும் நாளில் கடன் 17.5 லட்சம். பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 23,100 ரூபாய் கட்ட வேண்டும். 7.5 லட்சத்தைத் தாண்டும் கடனுக்கு வங்கிகள் வழக்கமாகச் சொத்து அடமானமும் கேட்கும்.

அந்த நேரத்தில் மகள் என்ன சம்பாதிப்பாள்? ஒரு சீனியரிடம் ஜூனியராக இருப்பாள். ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000, மற்ற இடங்களில் 15,000 தரலாம் என்று 2024-ல், வக்கீல் தொழிலுக்கும் சட்டப் படிப்புக்கும் விதி வகுக்கும் இந்திய பார் கவுன்சில் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. மாவட்ட நீதிமன்றங்களில் பஸ் செலவுக்குக்கூடக் காணாத தொகையை வாங்கிக்கொண்டு கட்டு தூக்கும் ஜூனியர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். நீதிபதித் தேர்வு எழுதலாம் என்றால், சிவில் நீதிபதி பதவிக்கு மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, பணம் உண்மையில் தேவைப்படப் போவது படிப்பு முடிந்த பிறகு வரும் மூன்று ஆண்டுகளில். கையில் இருப்பதைக் கல்லூரியிலேயே கரைத்துவிட்டால், கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஏதாவது ஆபீஸ் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

அதனால் முதல் விண்ணப்பம் அரசு சட்டக் கல்லூரியின் ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. படிப்புக்கு. மதுரை, தேனி, திருச்சி மூன்றுமே உங்களுக்குப் பக்கம். நுழைவுத் தேர்வு கிடையாது, ப்ளஸ் டூ மதிப்பெண்தான். கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. சீட் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். பி.காம். முடித்துச் சட்டம் படிப்பதைவிட ஓராண்டும் மிச்சம்.

ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும். ஐந்தாண்டுப் படிப்பில் மூன்றாம் ஆண்டோடு நின்றால் பி.ஏ. பட்டம் மட்டும் தனியாகத் தர மாட்டார்கள். பார் கவுன்சில் விதி அப்படி. பாதியில் வந்தால் கையில் இருப்பது ப்ளஸ் டூ மட்டுமே. கோர்ட்டையே பார்க்காமல் சினிமா பார்த்து ஆசைப்படும் பிள்ளை என்றால் நான் இதைச் சொல்லியே தடுத்திருப்பேன். வாய்தா நோட்டு எழுதியவளுக்கு அந்தப் பயம் தேவையில்லை.

சீட் கிடைக்காவிட்டால் மைத்துனர் சொன்ன வழி. மூன்றாண்டுச் சட்டத்துக்கு எந்த டிகிரியும் செல்லும். அரசு கல்லூரிகளில் அதற்குப் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் என்பதால், அவளுக்கு மார்க் வரும் பாடமே நல்ல பாடம். காமர்ஸ் பிள்ளைக்கு நான் பி.காம். என்றே சொல்வேன். வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்து தரும் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதியலாம், கூடவே கம்பெனி செக்ரட்டரி படிப்பையும் தொடங்கலாம். சட்டம் கைகூட நாளானாலும் கஞ்சிக்குப் பஞ்சம் இராது. பி.காம்.-ஐ உள்ளூரிலேயே படிக்கட்டும்.

இனி பணம். செல்வமகள் கணக்கில் முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதி வரை கல்விக் கட்டணத்துக்கு எடுக்கலாம். ஆனால் அரசு கல்லூரிக்கு அதைத் தொட வேண்டிய அவசியமே வராது. 2024 தொடக்கத்தில் வட்டியை 8.2 சதவீதமாக உயர்த்தினார்கள், வரியும் இல்லை. வளரட்டும். ஹாஸ்டல், புத்தகம் எல்லாம் கடை வருமானத்தில் போகட்டும்.

டெபாசிட்டில் இருக்கும் 2.5 லட்சத்தை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்து, ‘ஜூனியர் காலம்’ என்று பெயர் வைத்துவிடுங்கள். 6.5 சதவீத வட்டி என்று வைத்தாலும் சுமார் 3.4 லட்சம் ஆகும். 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 9,400 ரூபாய். சீனியர் தருவதோடு சேர்ந்தால் மதுரையில் ஒரு ஹாஸ்டல் அறைக்கும் சாப்பாட்டுக்கும் சமாளிக்கலாம். பார் கவுன்சில் பதிவுக் கட்டணம் பெரிய செலவில்லை. பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மகன் கல்லூரிக்குப் போக இன்னும் இரண்டு மூன்று ஆண்டு இருக்கிறது. அவனுக்கென்று இந்த மாதமே தனியாக ஒரு ஆர்.டி. தொடங்குங்கள்.

அரசு கலந்தாய்வு முடியும் வரை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அட்வான்ஸ் கட்டாதீர்கள். டி.சி., மார்க் ஷீட் ஒரிஜினல்களையும் உங்கள் பீரோவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.