மணிக்கூண்டு பொருந்துகிறது, மாடி வீடு பொருந்தவில்லை

வணக்கமுங்க. கோவை ஒப்பணக்கார வீதியில் மணிக்கூண்டைப் பார்த்தபடி எடுத்த பழைய படம் ஒன்று வீட்டில் கிடைத்தது. அதே இடத்தில் நின்று கைப்பேசியில் எடுத்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் சேரமாட்டேன் என்கிறது. ஜூம் செய்தால் மணிக்கூண்டு அளவுக்கு வருகிறது, பக்கத்து மாடி வீடு பெரிதாகிவிடுகிறது. படம் 1930களில் எடுத்ததாக இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கே தப்பு?
– ஒரு வாசகர், பீளமேடு

அன்புள்ள நண்பருக்கு,

ஜூமை விட்டுவிட்டுக் காலை நகர்த்துங்கள். எந்தக் கட்டடம் எதை எவ்வளவு மறைக்கிறது என்பது நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. மணிக்கூண்டு சரியாக இருக்கும்போது மாடி வீடு பெரிதாகத் தெரிந்தால், கிட்டப் போய்விட்டீர்கள். பின்னால் வாருங்கள்.

அடுத்து, இடம் வலம். பழைய படத்தில் மாடிச் சுவரின் விளிம்பு மணிக்கூண்டை எங்கே தொடுகிறது என்று பென்சிலால் கோடு போட்டு எடுத்துப் போங்கள். நேரில் மணிக்கூண்டு அந்தக் கோட்டுக்கு இடப்புறம் தள்ளி நின்றால் நீங்கள் வலப்புறம் நகர வேண்டும். சுவர் 10 மீட்டரிலும் மணிக்கூண்டு 100 மீட்டரிலும் இருந்தால், நீங்கள் ஓர் அடி நகர, மணிக்கூண்டு 9 அடி நகர்ந்த மாதிரி இருக்கும். அதனால் கடைசியில் அங்குலக் கணக்கில் நகருங்கள். காலை ஆறரைக்குள் போங்கள். தீபாவளி நெருங்கும்போது அந்த வீதியில் முக்காலி வைக்கும் எண்ணமே வேண்டாம்.

திண்ணையையும் வாசற்படியையும் அடையாளமாக வைக்காதீர்கள். ரோட்டின்மேல் ரோடு போட்டு, மூன்று படி இருந்த இடத்தில் இன்று ஒன்றுதான் வெளியே தெரியும். கடைப் பலகைகளுக்கு மேலே பாருங்கள்: ஜன்னல் வளைவு, கைப்பிடிச்சுவர். கைப்பேசியை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் மேலே குவியும். நேராகப் பிடித்து, கூடுதலாக வரும் தரையை வெட்டிவிடுங்கள். பழைய படத்தில் தூரத்து ஆட்களின் தலை கிட்டத்து ஆட்களின் தலையைவிட மேலே இருக்கிறதா? அப்படியானால் மாடியிலிருந்து எடுத்தது. தரையில் எங்கே நின்றாலும் சேராது.

1930கள் என்பது தப்பு. நீங்கள் அனுப்பிய படத்திலேயே வளையல் கடைப் பலகையில் '641001' இருக்கிறது. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டில். அதே பலகையில் 'ளை' யானைத் தும்பிக்கை வைத்த பழைய எழுத்து. அரசு எழுத்தைச் சீர்திருத்தியது 1978இல். 1972க்கு முன்னால் போக வழியே இல்லை. 1978 என்ற பிந்தைய எல்லை அத்தனை கெட்டியில்லை, ஆணை வந்த மறுநாளே யாரும் பலகையை மாற்றி எழுதவில்லை. வலது ஓரச் சுவரில் பாதி கிழிந்த சினிமா போஸ்டர் இருக்கிறது. படத்தின் பெயர் தெரிந்தால் ஒரு வருஷத்துக்குள் வந்துவிடலாம். 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்து அனுப்புங்கள். தெளிவாக்கித் தரும் செயலி எதிலும் போடாதீர்கள். அது இல்லாத எழுத்தைத் தானே எழுதிவிடும்.