டேட்டாபேஸ் வேலை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். 2003ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஃபாக்ஸ்ப்ரோ ஃபைல்களோடு ஆரம்பித்தது, அப்புறம் ஆரக்கிள், இப்போது போஸ்ட்கிரெஸ். மூன்றுமே தகவலைச் சேமித்துத் தேடித் தரும் டேட்டாபேஸ் மென்பொருள்கள். மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடி இதைப் பற்றிப் பேசுவோம். அங்கே வர முடியாதவர்கள் இங்கே கேட்கலாம். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்.

காலாப்பட்டு மாணவி: அண்ணா, டிபிஏ (டேட்டாபேஸைப் பராமரிப்பவர்) ஆக முதலில் எதைப் படிப்பது?

எஸ்க்யூஎல், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி. போஸ்ட்கிரெஸ் இலவசம்தான், லேப்டாப்பில் போடுங்கள். ஒரு டேபிளில் பத்து லட்சம் வரிசையை நிரப்பி, இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) இல்லாமலும் அதோடும் எக்ஸ்பிளெய்ன் கொடுத்துப் பாருங்கள், டேட்டாபேஸ் எந்த வழியில் தேடுகிறது என்று காட்டும். பிறகு பேக்கப் எடுத்து, டேட்டாபேஸை நீங்களே அழித்து, திரும்பக் கொண்டுவாருங்கள். கை நடுங்கும். அதுதான் பாடம்.

கடலூர் ஓ.டி.: ஆரக்கிள் சர்டிபிகேட் முடித்தால் சம்பளம் எவ்வளவு வரும் சார்?

முதல் பத்தியின் கடைசி வரியைப் படியுங்கள்.

திருப்பாப்புலியூர், அச்சகம்: மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாக வருகிறது.

பெயரை வைத்திருக்கும் காலம் (டேபிளின் நெடுவரிசை) வார்சார் வகையாக இருக்கும், யூனிகோட் எழுத்துகளை ஏற்கும் என்வார்சாராக மாற்றுங்கள். தகவலைப் பதியும் இன்செர்ட் கட்டளையில் மேற்கோளுக்கு முன்னால் ஆங்கில 'என்' (N) எழுத்தும் வேண்டும். அதை விட்டால் நெடுவரிசை சரியாக இருந்தும் கேள்விக்குறிதான். ஏற்கெனவே கேள்விக்குறியாகப் பதிந்தவை போனதுதான், ஆர்டர் புத்தகத்தைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும்.

இது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீட்டுகிறேன். 'கடலூர்' நம் கண்ணுக்கு நாலு எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ஆறு குறியீடு, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 18. 'புதுச்சேரி' பத்துக் குறியீடு, 30 பைட். ஆரக்கிளில் ஒரு நெடுவரிசைக்கு வார்சார்2 வகை, நீளம் 20 என்று போட்டால் வழக்கமான அமைப்பில் அது எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். கடலூர் வாடிக்கையாளர் உள்ளே போவார், புதுச்சேரிக்காரர் வெளியே நிற்பார்! வரிசைப்படுத்தலிலும் ஒரு கோணல் உண்டு. குறியீட்டு வரிசையில் ர-வுக்கு அடுத்து ற, ந-வுக்கு அடுத்து ன. அகராதியில் இரண்டும் கடைசியில் அல்லவா வரும்? போஸ்ட்கிரெஸ் 10 முதல் ஐசியூ கொலேஷன் (மொழிக்கேற்ற வரிசை விதி) இருக்கிறது, தமிழுக்கானதைப் போட்டால் சரியாக வரும்.

முதலியார்பேட்டை, மொத்த வியாபாரம்: தினமும் ராத்திரி பேக்கப் ஓடுகிறது. வேறென்ன செய்ய வேண்டும்?

கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்து, அதாவது அந்த பேக்கப்பிலிருந்து டேட்டாவைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தீர்கள்?

2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியது. நான் வேலை பார்த்த இடத்தில் கூரை ஷீட் பறந்து, சர்வரும் பேக்கப் டிஸ்க்கும் ஒன்றாக நனைந்தன. இரண்டும் ஒரே அறை. பரவாயில்லை, முதலாளி வீட்டில் இன்னொரு காப்பி இருக்கிறது என்று தெம்பாகப் போனேன். ஃபைல்கள் தேதிவாரியாக அழகாக இருந்தன. செப்டம்பர் கடைசியிலிருந்து எல்லாவற்றின் அளவும் 0. டிஸ்க் நிரம்பியிருக்கிறது, ஸ்கிரிப்ட் பாட்டுக்கு ஓடியிருக்கிறது, பார்க்க வேண்டிய நான் பார்க்கவில்லை. கரண்ட் இல்லாத ஊரில் ஜெனரேட்டர் போட்டு, ஈரமான பில் புத்தகங்களைக் காயவைத்து, மூன்று மாதக் கணக்கை மறுபடி அடித்தோம்.

சின்ன ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராம் கோடைச் சேமித்துத் தரும் பெரிய நிறுவனமான கிட்லேபில் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார்கள். வழக்கமான பேக்கப் வழி ஒன்றும் உதவவில்லை. பேக்கப் தோற்றதைச் சொல்லும் மெயில்கூடப் போய்ச் சேரவில்லை. யாரோ ஆறு மணி நேரம் முன்னால் தற்செயலாக எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) தான் காப்பாற்றியது.

நெல்லித்தோப்பு, ரத்தப் பரிசோதனை லேப்: நோயாளியின் மொபைல் நம்பரையே பிரைமரி கீயாக (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டுவதாக) வைக்கலாமா?

வேண்டாம். வீட்டுக்கு ஒரு நம்பர் கொடுப்பவர்கள் ஏராளம். ஒரு லேபில் அம்மாவின் சர்க்கரை 280 மகன் பேரில் அச்சாகி வந்ததைக் கண்ணால் பார்த்தேன். தனியாக ஒரு ஐடி கொடுங்கள்.

வில்லியனூர், டெவலப்பர்: தவறு சார். அர்த்தமில்லாத ஐடி போட்டால் ஒரே ஆள் நாலு தரம் பதிவாவார். ரிலேஷனல் டேட்டாபேஸ் கொள்கையை வகுத்த காட் சொன்னது இதையா?

காட் 1970 கட்டுரையோடு நின்றுவிடவில்லை. சரோகேட் (நீங்கள் சொல்லும் அர்த்தமில்லாத ஐடி) பற்றி 1979ல் அவரே எழுதினார், அதையும் படியுங்கள்.

வில்லியனூர்: படித்தேன். அதற்காக யுனீக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே மதிப்பு இரண்டு தரம் பதியாமல் தடுக்கும் விதி) போடாமல் விடச் சொன்னாரா?

இல்லை. அந்தப் பாதி உங்களுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஐடி மட்டும் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள்தான் அதிகம். ஆனால் யுனீக்கை எதன் மேல் போடுவீர்கள்? நம்பர் மேல் போட்டால் அம்மாவைப் பதிய முடியாது.

வில்லியனூர்: நம்பர், பெயர், பிறந்த தேதி, மூன்றும் சேர்த்து.

பிறந்த தேதி கேட்டால் "ஒரு அறுபது இருக்கும்" என்பார்கள். கவுன்டரில் இருக்கும் பெண் ஜனவரி 1 என்று அடிப்பார். இனிஷியல் ஒரு தரம் முன்னால், ஒரு தரம் பின்னால். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் என்றால் குடும்பப் பெயர் தனி. தடுப்பதைவிட, ஒத்த பெயர்களைக் காட்டி "இவர்தானா?" என்று கேட்கும் திரை வையுங்கள்.

நெல்லித்தோப்பு: அப்போது மொபைல் நம்பரே வேண்டாமா?

வையுங்கள் ஐயா, கீயாக மட்டும் வேண்டாம். துண்டித்த நம்பரை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கிறார்கள். ரிப்போர்ட் யாருக்குப் போகும்?

அரியாங்குப்பம்: ஏஐ வந்தால் டிபிஏ வேலை போய்விடுமா?

இந்தக் கேள்வி இன்று நாலாவது தரம். ஏஐ க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எழுதித் தரும். ராத்திரி இரண்டு மணிக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

நெய்வேலி: கூட்டத்தில் பேச ஆசை, ஆனால் எனக்கு என்ன தெரியும் என்று கூச்சம்.

போன மாதம் எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள்? அதை இருபது நிமிடம் சொல்லுங்கள். நான் முதலில் பேசியது அந்த 0 அளவு ஃபைல்கள் பற்றித்தான். பெங்களூரில் நடக்கும் போஸ்ட்கிரெஸ் மாநாடான பிஜிகான்ஃப் இந்தியாவுக்கு அப்புறம் போகலாம்.

முதலியார்பேட்டை: சார், நீங்கள் சொன்னபடி ரீஸ்டோர் செய்து பார்த்தேன். பாதியில் நிற்கிறது. நேற்றையதும் அப்படியே.

சர்வரை நிறுத்தாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். வேறு டிஸ்க்கில் இப்போதே ஒரு டம்ப் (முழு நகல்) ஓடவிடுங்கள், பழைய ஃபைலின் மேல் எழுதிவிட வேண்டாம். மற்றவர்களுக்கு நாளை பதில் சொல்கிறேன், உங்களிடம் வர வண்டியை எடுத்துவிட்டேன்.