ரஸ்ட் நிரல்மொழியில் தமிழ்ப் பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் எடுப்பது எப்படி? 20-இல் வெட்டினால் நிரல் பேனிக் ஆகி, அதாவது பிழை காட்டி, பாதியில் நின்றுவிடுகிறதே?

நீங்கள் கொடுக்கும் 20 எழுத்துக் கணக்கு அல்ல, பைட் கணக்கு. ரஸ்ட் ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரத்தை) யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறியேற்ற முறையில் பைட்டுகளாக வைத்திருக்கிறது. அதில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். 20 மூன்றால் வகுபடாது, வெட்டு ஒரு குறியீட்டின் நடுவில் விழுகிறது. அரைகுறை எழுத்தைக் கொடுப்பதைவிட நின்றுவிடுவதே மேல் என்று ரஸ்ட் நின்றுவிடுகிறது. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் இடத்தில் பார்சல் லேபிள் அடிக்கும் நிரலுக்கும் இதே வியாதி. ஆங்கிலப் பெயர்களோடு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஓசூர் ஆர்டர்களில் ‘தமிழ்ச்செல்வன்’ வந்ததும் படுத்துவிட்டது. அந்தப் பெயருக்கு, பைட்டுகளை எண்ணும் ‘லென்’ 42 என்கிறது. குறியீடு குறியீடாகப் பிரிக்கும் ‘சார்ஸ்’ போட்டு எண்ணினால் 14. விரல் விட்டு எண்ணினால் 8. பக்கத்து சீட் கன்னடக்காரர், “குரு, எங்க பேருக்கும் இதே கதிதானா?” என்றார். ஆமாம், கன்னடக் குறியீடுகளும் மூன்று பைட்தான்.

‘சார்ஸ்’ போட்டு, முதல் சிலவற்றை மட்டும் ‘டேக்’ செய்தால் பேனிக் வராது, ஆனால் நான்கு கேட்டால் புள்ளி உதிர்ந்து ‘தமிழ’ என்று வரும். ‘யூனிகோட்-செக்மென்டேஷன்’ கிரேட்டைச் (ரஸ்ட் நூலகத்தை) சேர்த்து, எழுத்தையும் அதன் குறிகளையும் ஒன்றாக (ஒரு கிராஃபீமாக) எடுக்கும் ‘கிராஃபீம்ஸ்’ஸுக்கு ‘ட்ரூ’ கொடுத்து, மூன்றை ‘டேக்’ செய்து ஸ்ட்ரிங்காக ‘கலெக்ட்’ செய்யுங்கள். ‘தமிழ்’ முழுதாகக் கிடைக்கும்.

அதிலும் ஒரு ஓட்டை உண்டு. ‘ஸ்ரீ’யை அது ‘ஸ்’, ‘ரீ’ என்று இரண்டாகப் பிரிக்கும், ‘க்ஷ’வையும் அப்படியே. ப்ரொஃபைல் வட்டத்தில் முதல் எழுத்தைக் காட்டுகிறீர்கள் என்றால் ஸ்ரீதர் வெறும் ‘ஸ்’ ஆகிவிடுவார். இந்த இரண்டையும் நீங்களே தனியாகக் கவனிக்க வேண்டும்.

அப்புறம், பெயர்களை ஒப்பிடுவதாக இருந்தால் முதலில் என்எஃப்சி என்ற ஒருமைப்படுத்திய யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ‘கொ’வில் உள்ள குறி ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ரஸ்ட்டுக்கு வேறு வேறு.

லேபிளுக்காகத்தான் வெட்டுகிறீர்கள் என்றால் எழுத்து எண்ணிக்கையே வேண்டாம். ‘ர’வும் ‘ணை’யும் ஒரே இடத்தையா அடைக்கின்றன? நாங்கள் கடைசியில் ஃபான்ட்டை வைத்து அகலத்தை அளந்து, இடம் போதாதபோது மட்டும் கிராஃபீம் எல்லையில் வெட்டுகிறோம்.